பி16ஏ என்ஜின் புதிதாகக் கட்டியாச்சு, ஹட்டனில் ரன்னிங் இன் (புது என்ஜினைப் பழக்கும் ஓட்டம்) எப்படிப் போடலாம்?

ஹட்டன்_ஈகே4

எல்லோருக்கும் வணக்கம். என் ஹொண்டா சிவிக் ஈகே4-இன் என்ஜின் ஒருவழியாக லேத்திலிருந்து வந்து, கராஜில் கட்டி முடித்து, வண்டிக்குள் இறக்கியாகிவிட்டது. இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை.

விபரம் இதுதான்: போர் (சிலிண்டர் விட்டம்) 0.25 மி.மீ. ஓவர்சைஸ், அதாவது 81.25 மி.மீ. ஃபோர்ஜ்ட் பிஸ்டன், புது ரிங், மெயின் பெயரிங், பிக் எண்ட் பெயரிங், ஒயில் பம்ப் எல்லாம் புதிது. கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) இரண்டும் பழையவை, ரொக்கர்களை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டிருக்கிறது. ஹெட்டில் வால்வ் லெப்பிங் மட்டும். வால்வ் சீல் நன்றாகத்தான் இருக்கிறது, மாற்றத் தேவையில்லை என்று கராஜ் பாஸ் விட்டுவிட்டார்.

இப்போது குழப்பம். பாஸ் சொல்கிறார், ஆயிரம் கிலோமீற்றர் வரை 2,500 ஆர்பிஎம் தாண்டாதே, அறுபதுக்கு மேல் போகாதே என்று. கொழும்பில் இருக்கும் மச்சான் சொல்கிறான், நேரே டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே சுமை கொடுத்து ஓட்டும் மெஷின்) ஏற்றி ரெட்லைன் (என்ஜினின் உச்ச ஆர்பிஎம்) வரை இழு என்று. நான் இருப்பது ஹட்டனில். எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். 2,500-க்குள் கினிகத்தேனை ஏற்றத்தை எப்படி ஏறுவது? ஏப்ரலில் மஹகஸ்தொட்ட ஹில் கிளைம்ப் பந்தயத்துக்கு வண்டி தயாராக வேண்டும். யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

லேத்மேசை_கண்டி

தம்பி, ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துவது பெரும்பாலும் எரியும் வாயுவின் அழுத்தம். ரிங்கின் சொந்த ஸ்பிரிங் விசை கொஞ்சம்தான். பெற்றோல் எரியும்போது வரும் அழுத்தம் மேல் ரிங்குக்கும் பிஸ்டன் பள்ளத்துக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக ரிங்கின் முதுகுப் பக்கம் புகுந்து, அதை வெளியே தள்ளும். மிதியைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்தத் தள்ளு வராது.

ஹோனிங் கல் சுவரில் போட்ட குறுக்குக் கீறல்களின் முனை கூராக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ரிங் தேய்ந்து சுவரோடு பொருந்திவிட வேண்டும். அப்படிப் பொருந்தாமல் முனை மழுங்கிப்போனால், நடுவில் நிற்கும் ஒயில் சூட்டில் வெந்து வார்னிஷாகப் படியும். கிளேஸ் பிடித்தது என்று சொல்வது அதைத்தான். என் மேசைக்கு அப்படித் திரும்பி வரும் பிளொக்குகளின் சுவர் பளபளவென்று இருக்கும். நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் ஒரு கீறல்கூடத் தட்டுப்படாது. மறுபடி ஹெட்டைக் கழற்றி ஹோனிங் போட வேண்டியதுதான். அநேகமாக அவையெல்லாம் “பத்திரமாக ஓட்டின” வண்டிகள்.

பாஸ் சொன்ன 2,500-இல் இன்னொரு தொல்லை இருக்கிறது. ஏற்றத்தில் பெரிய கியரில் என்ஜினை முக்க விட்டால், பம்ப் மெதுவாகச் சுற்றும், பெயரிங்கில் ஒயில் படலம் மெலியும், சுமையோ அதிகம். புதுப் பெயரிங்குக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

மச்சான் சொன்னதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ரேஸ் என்ஜின் கட்டுபவர்கள் டைனோவில்தான் ரிங் உட்கார வைக்கிறார்கள். ஆனால் அவர்கள் கிளியரன்ஸ் (பாகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி) ஒவ்வொன்றையும் அளந்து எழுதி வைத்திருப்பார்கள், ட்யூன் போடுபவரும் பக்கத்திலேயே நிற்பார். எங்கேயாவது ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால் அதை 8,000-இல் கண்டுபிடிப்பதைவிட 3,000-இல் கண்டுபிடிப்பது மலிவு.

ரிங் கெப் (ரிங்கின் இரு நுனிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) எவ்வளவு வைத்தார்கள்? டோர்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாகப் பிளொக்கில் இறுக்கும் தடித்த தகடு) வைத்துப் போர் அடித்தார்களா? இவை தெரியாமல் மேலே பேசிப் பயனில்லை.

ஹட்டன்_ஈகே4

லேத்தில் கேட்டேன் அண்ணே. டோர்க் பிளேட் வைத்துத்தான் ஹோனிங் போட்டார்களாம். மேல் ரிங் கெப் 0.33 மி.மீ.

லேத்மேசை_கண்டி

சரி. டர்போ இல்லாத வண்டிக்கு, போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நாலு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு) என்பது பொதுக்கணக்கு. உன் போர் 3.2 அங்குலம், அப்படியென்றால் 0.325 மி.மீ. வர வேண்டும். லேத்துக்காரர் வேலை தெரிந்தவர்.

கொட்டகலை_லொறிக்காரர்

நான் டைனோவெல்லாம் பார்த்ததில்லை. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறிகளுக்கு என்ஜின் கட்டிப் பழக்கம். எங்கள் காலத்தில் ரன்னிங் இன் முடியும் வரை லொறியின் பின்னால் ‘ரன்னிங் இன்’ என்று ஒரு அட்டை தொங்கும், யாரும் ஹோர்ன் அடிக்க மாட்டார்கள். பொறுமையாக ஓட்டின என்ஜின்தான் நிலைத்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவசரம்.

புது வண்டி வாங்கினால் கொம்பனிக் கைநூலிலும் மெதுவாக ஓட்டு என்றுதானே போட்டிருக்கிறது? அவர்களுக்குத் தெரியாததா?

வெலிமடை_டர்போ

அண்ணே, கோபிக்காதீங்க. கொழுந்து லொறி மெதுவாகப் போகும், ஆனால் சும்மாவா போகும்? மலை மலையாகக் கொழுந்து ஏற்றி, தோட்டத்துக் கல்ரோட்டில், முதலாம் இரண்டாம் கியரில், மிதியை முக்கால்வாசி அமுக்கித்தானே பெக்டரிக்குப் போகிறது. உங்கள் லொறிக்கு ரிங் உட்கார்ந்தது அந்தச் சுமையில்தான். அதே லொறியை வெறும் பெட்டியோடு கொட்டகலை டவுனுக்குள் ஆயிரம் கிலோமீற்றர் உருட்டியிருந்தால் புகைதான் வந்திருக்கும்.

கொம்பனிக் கைநூல் வேறு கதை. பெக்டரியில் வரும் பிளொக்கில் கீறலின் கூர் முனைகளை முன்கூட்டியே தட்டையாக்கி அனுப்புகிறார்கள், ரிங்குக்கு மிச்சம் இருக்கும் வேலை குறைவு. அதில் எழுதியிருப்பது கியர்பொக்ஸ், பிரேக், டயர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அதிலும் கவனித்துப் படித்தால், ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டாதே என்றும் பல கைநூல்களில் இருக்கும். அந்த வரியை மட்டும் யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

இனி தம்பிக்கு. ஓட்டுவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணுவதைப் பேசுவோம். அங்கேதான் பாதி என்ஜின்கள் கெடுகின்றன.

பி சீரீஸ் ஒயில் பம்ப் கிராங்க் நுனியிலேயே இருக்கிறது. பழைய வண்டிகளில் செய்வதுபோல் டிரில் மெஷின் மாட்டிப் பம்பைச் சுற்ற முடியாது. அதனால் நாலு பிளக்கையும் கழற்று, இன்ஜெக்டர் கனெக்டர்களையும் இக்னிஷனையும் பிடுங்கு, பிறகு ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்று. நடுவில் ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி கொடு. டாஷில் உள்ள ஒயில் லைட்டை நம்பாதே, கொஞ்சம் அழுத்தம் வந்ததுமே அது அணைந்துவிடும். பிளொக்கில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி முள் ஏறுவதைக் கண்ணால் பார். சூடான பிறகு பி சீரீஸுக்கு ஐட்லில் குறைந்தது 10 பீஎஸ்ஐ, 3,000-இல் 50 பீஎஸ்ஐ இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே அணை.

பிடித்ததும் ஐட்லில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதே. 1,800-க்கும் 2,500-க்கும் நடுவில் மாற்றி மாற்றி வை. ஒரு ஆள் கூலண்ட், இன்னொரு ஆள் லீக், டைமிங். புகை கொஞ்சம் வரும், கட்டும்போது பூசின ஒயில் அது.

மேட்டுப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் காற்றெடுக்கும்போது, கொழும்பில் செய்வதுபோல் ஃபேன் சுற்றும் வரை காத்திருக்காதே. ஹட்டன் 1,270 மீற்றர் அளவில் இருக்கிறது, வெறும் தண்ணீர் அங்கே 96 பாகையிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் 94. ஃபேன் சுவிட்ச் பிடிப்பதும் ஏறக்குறைய அதே சூட்டில்தான். தண்ணீர் பொங்குவதைப் பார்த்து ஹெட் கெஸ்கட் போய்விட்டது என்று பதறிய ஆட்களை எனக்குத் தெரியும். கூலண்டைச் சரியான கலவையில் ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

பதுளை_மினி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பழைய மினி, ஏ சீரீஸ் 998. கேம் புதிது, டெப்பெட்டும் (கேமில் உரசும் பாகம்) புதிது. மேலே சொன்னது எனக்கும் பொருந்துமா?

வெலிமடை_டர்போ

உங்களுக்கு இன்னும் கடுமை. தட்டை டெப்பெட் கேம் பழகும் வேலை முதல் இருபது முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும், நல்லபடியாகவோ கெட்டபடியாகவோ. என்ஜின் பிடித்த உடனே 2,000-க்கு ஏற்றி இருபது நிமிடமாவது வையுங்கள், ஐட்லுக்கு இறக்கவே வேண்டாம். அந்த என்ஜினில் கேமுக்கு ஒயில் கிராங்க் சுற்றித் தெறிப்பதில்தான் போகிறது. ஐட்லில் போதாது. ஸ்டார்ட் பண்ணி, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி விளையாடினால் கேம் லோப் உருண்டையாகிவிடும். கார்ப்பில் பெற்றோலும் டைமிங்கும் முன்பே சரியாக இருக்க வேண்டும்.

ஒயிலில் சிங்க் பாஸ்பரஸ் சேர்மானம் பாருங்கள். ஏபிஐ எஸ்என், எஸ்பி தரத்தில் வரும் 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஒயில்களில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்று வரம்பு. உங்களுக்கு அது பற்றாது.

ரதல்ல_ரசிகன்

ஒயில் என்று வந்ததால் கேட்கிறேன். என் நண்பன் முதல் நாளிலிருந்தே ஃபுல் சிந்தெடிக்தான் ஊற்றினான், ஒன்றும் ஆகவில்லை. மினரல் ஒயில்தான் வேண்டும் என்பது பழைய நம்பிக்கை இல்லையா?

லேத்மேசை_கண்டி

ஹோனிங்கும் ரிங்கும் நன்றாக இருந்து, சுமையும் கொடுத்தால் சிந்தெடிக்கிலும் உட்காரும். பெக்டரியிலிருந்து சிந்தெடிக்கோடே வரும் கார்கள் இருக்கின்றன. ஆனால் முதல் ஒயிலைச் சீக்கிரமே வடிக்கப்போகிறோம். கொட்டப்போகிற ஒயிலுக்கு ஏன் அவ்வளவு காசு? சாதாரண மினரல், உராய்வு குறைக்கும் மருந்து எதுவும் கலக்காதது, போதும். முதல் ஓட்டம் முடிந்ததும் ஒயிலும் ஃபில்டரும் மாற்று. 500 கிலோமீற்றரில் மறுபடி. 1,500 தாண்டி, ஒயில் குறைவது நின்ற பிறகு சிந்தெடிக் ஊற்று.

ரதல்ல_ரசிகன்

என் கேள்விக்கு இது பதில் இல்லை அண்ணே, ஆனால் கணக்குச் சரிதான்.

ஹட்டன்_ஈகே4

ஸ்டார்ட் பண்ணியாச்சு! ஒயில் பிரஷர் நன்றாக இருக்கிறது, லீக் இல்லை. ஆனால் கொம்பிரஷன் பார்த்தால் நாலு சிலிண்டரிலும் 150 பீஎஸ்ஐ-ஐச் சுற்றித்தான் நிற்கிறது. கொழும்பில் இதே மாதிரி கட்டின நண்பனின் வண்டியில் 200-க்குப் பக்கம் வந்ததாம். ரிங் கெட்டுவிட்டதா?

வெலிமடை_டர்போ

கெடவில்லை. இரண்டு காரணம். ஒன்று, ரிங் இன்னும் உட்காரவில்லை. இரண்டு, நீ ஹட்டனில் நிற்கிறாய். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 86 வீதம் அளவுதான். கொழும்பில் 200 காட்டும் என்ஜின் ஹட்டனில் 170 அளவில்தான் காட்டும். நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் காற்றழுத்தம் 80 வீதம், கேஜ் 160 காட்டும். நாலும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதுதான் நல்ல செய்தி. கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி பார். மிதியை முழுக்க அமுக்கி, என்ஜின் சூடாக இருக்கும்போது.

இதே கணக்கு ரன்னிங் இன்னுக்கும் பொருந்தும். மேட்டில் அரை மிதி மிதித்தால் கொழும்பில் அரை மிதி மிதிப்பதைவிடச் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. ஆக, இங்கே காலை வைக்கக் கூச்சப்படாதே.

தலவாக்கலை_சவாரி

எந்த ரோடு என்று யாரும் சொல்லவில்லையே. என் அபிப்பிராயம்: ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கல வரை இறங்கித் திரும்பி ஏறு. ஏ7 ரோட்டில் அந்தத் துண்டு ரன்னிங் இன்னுக்கென்றே வெட்டினது மாதிரி இருக்கும். இறங்கும்போது மூன்றாம் கியரில் போட்டு, மிதியிலிருந்து காலை முழுக்க எடுத்து, என்ஜின் பிரேக்கில் விடு. மெனிஃபோல்டில் வெக்கூம் ஏறி, ரிங் பக்கம் ஒயிலை மேலே இழுக்கும், தேய்ந்த தூளைக் கழுவிக்கொண்டு போகும். ஏறும்போது மூன்றாம் கியரில் 2,500-இல் தொடங்கி, முக்கால் மிதியில் 4,500 வரை இழுத்து, விடு. வளைவு வரும்போது தானாகவே விட வேண்டித்தான் வரும். இழு, விடு, இழு, விடு. கொழும்பு ஆட்களுக்கு இதற்கு டைனோ வாடகை. நமக்கு மலை சும்மா கிடைக்கிறது.

500 கிலோமீற்றர் ஒயில் மாற்றின பிறகு 6,000 வரை போ. விடெக் (அதிக ஆர்பிஎம்மில் வால்வை இன்னும் கூடத் திறக்க வைக்கும் ஹொண்டா ஏற்பாடு) பிடிப்பது 5,500-க்குப் பக்கத்தில், அதற்கு அவசரப்படாதே.

ரதல்ல குறுக்குப்பாதைப் பக்கம் மட்டும் இதைச் செய்யாதே. அங்கே நடந்த விபத்துகள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போகும் நேரமும், மலைக்கு வேலைக்கு ஆள் இறங்கும் நேரமும் எந்த ரோட்டிலும் வேண்டாம்.

ரதல்ல_ரசிகன்

எக்ஸ்பிரஸ்வேயில் போய் ஒரே இழுப்பாக மாத்தறை வரை ஓட்டினால் 500 கிலோமீற்றரில் பாதி ஒரே நாளில் முடிந்துவிடுமே?

தலவாக்கலை_சவாரி

கிலோமீற்றர் முடியும், ரன்னிங் இன் முடியாது. நூறில் ஒரே ஆர்பிஎம்மில், கால்வாசி மிதியில் மணிக்கணக்காக. கிளேஸ் பிடிக்க வைக்க நல்ல வழி கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கொட்டகலை_லொறிக்காரர்

கித்துல்கல ரோட்டை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, முதலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வண்டியை முழுக்க ஆறவிட்டு, எல்லா நட்டிலும் கை வைத்துப் பார். அப்புறம் இழு. இன்னொன்று, காலையில் பனியில் நிற்கும் வண்டியை எடுத்த உடனே ஏற்றத்தில் அமுக்காதே. ஃபோர்ஜ்ட் பிஸ்டன் என்கிறாய், குளிரில் டக் டக் என்று சத்தம் கேட்கும்.

வெலிமடை_டர்போ

அது சரியான பேச்சு அண்ணே. ஃபோர்ஜ்ட் பிஸ்டன் சூட்டில் கூடுதலாக விரிவதால் கிளியரன்ஸ் அதிகமாக வைத்துக் கட்டுவார்கள். தண்ணீர் முள் நடுவுக்கு வந்தாலும் ஒயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். சத்தம் போகும் வரை நிதானமாகவே ஓட்டு.

நுவரெலியா_ஈவோ

நானும் என் ஈவோவின் 4ஜி63 என்ஜினைக் கட்டுகிறேன். கேமுக்கு அந்த இருபது நிமிடம் வேண்டுமா? பூஸ்ட் எப்போது?

வெலிமடை_டர்போ

ஈவோவில் ரோலர் ரொக்கர் (கேமில் உரசாமல் உருளும்), அந்தச் சடங்கு வேண்டாம். முதல் ஒயில் மாற்றும் வரை வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வ்) ஸ்பிரிங் அளவு பூஸ்டோடு நிறுத்து. டர்போவுக்குப் போகும் ஒயில் பைப்பைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி, அங்கே ஒயில் வருகிறதா என்று பார்த்த பிறகு மாட்டு. வைட்பேண்ட் மீற்றர் (காற்று-பெற்றோல் கலவையைக் காட்டுவது) இல்லாமல் ஓட்டவே ஓட்டாதே. பேஸ் மேப்பில் (முதலில் போடும் ட்யூனில்) பெற்றோல் அதிகமாகப் போனால் சுவரிலிருக்கும் ஒயிலைக் கழுவிவிடும், ரிங் உட்காராது. குறைவாகப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இது ஈகே4 தம்பிக்கும்தான்.

ஹட்டன்_ஈகே4

கித்துல்கல ரோட்டில் ஓட்டி, முதல் ஒயிலை வடித்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் மினுக் மினுக்கென்று இருக்கிறது. வடிகால் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருக்கிறது. படம் போட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

லேத்மேசை_கண்டி

படம் பார்த்தேன். அந்தப் பசை ரிங்கும் சுவரும் தேய்ந்த இரும்புத் தூள், வர வேண்டியதுதான். விரலில் வைத்து உருட்டினால் மாவாக இருக்கிறதா, இல்லை நெறநெறவென்று குத்துகிறதா? மாவு என்றால் பயமில்லை. ஃபில்டரை வெட்டிப் பார். ஹெக்ஸோவால் அறுக்காதே, அறுத்த தூளே உள்ளே விழுந்து உன்னைக் குழப்பும். ஃபில்டர் கட்டரால் வெட்டி, காகித மடிப்பை விரித்து, வைஸில் இறுக்கிப் பிழி. காந்தத்தில் ஒட்டாத வெள்ளித் தகடோ, செப்பு நிறத் துணுக்கோ இருந்தால் பெயரிங். அப்போது என்ஜினைத் திருப்பவே கூடாது.

ஹட்டன்_ஈகே4

மாவுதான் அண்ணே. மடிப்பில் செம்பு எதுவும் இல்லை, கெஸ்கட் சிலிக்கன் துணுக்கு இரண்டு கிடந்தது. கொம்பிரஷனும் 170-க்கு ஏறிவிட்டது.

ஆனால் ஒரு புதுத் தொல்லை. நேற்று நுவரெலியாவிலிருந்து ரம்பொடை இறக்கத்தில் என்ஜின் பிரேக்கிலேயே இறங்கினேன். புசல்லாவைப் பக்கம் மிதியை அமுக்கினதும் பின்னால் ஒரு குப்பென்று நீலப் புகை. உடனே நின்றுவிட்டது. ஏற்றத்தில் எவ்வளவு இழுத்தாலும் புகை இல்லை. ரிங் இன்னும் உட்காரவில்லையா?

லேத்மேசை_கண்டி

ரிங் என்றால் ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வரும். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு ஒரே ஒரு குப் என்றால் இன்டேக் வால்வ் சீல். வெக்கூம் வால்வ் கைட் வழியாக ஒயிலை உறிஞ்சி வைத்திருக்கும், மிதித்ததும் எரியும். லீக் டவுன் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) பார்த்து உறுதிப்படுத்திக்கொள். ஒயில் மூடியில் காது வைத்தால் சீறல் கேட்கிறதா என்று கவனி. அங்கே பலமாகக் கேட்டால் ரிங்.

ஹட்டன்_ஈகே4

நாலிலும் ஐந்து வீதத்துக்குள். ஒயில் மூடியில் லேசான சத்தம்தான். அப்படியென்றால் சீல்தான். ஹெட்டைக் கழற்ற வேண்டுமா?

லேத்மேசை_கண்டி

வேண்டாம். பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக நைலோன் கயிற்றைச் சுருட்டி உள்ளே விடு, முனை வெளியே தொங்கட்டும். பிறகு கிராங்கைக் கையால் திருப்பினால் கயிறு இறுகி வால்வைக் கீழேயிருந்து தாங்கும். கேமைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கி, சீலைப் பிடுங்கு. புதுச் சீல் வாங்கும்போது பார்த்து வாங்கு: இன்டேக் சீலின் ஸ்பிரிங் வெள்ளை, எக்ஸோஸ்ட் கறுப்பு. மாற்றிப் போட்டால் மறுபடி இதே வேலை.

ரொக்கர்கள் ஒவ்வொன்றும் எந்த வால்வுக்கு என்று குறித்து வை.

கொட்டகலை_லொறிக்காரர்

பதினாறையும் மாற்று, புகைக்கிறதை மட்டும் மாற்றாதே. ஞாயிற்றுக்கிழமை நான் ஹட்டன் பக்கம் வருவேன், ஸ்பிரிங் அமுக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. சீலை வாங்கி வைத்திரு.